வெளியூர் வேட்டைக்காரருக்கு உள்ளூர்த் துணை

அலாஸ்காவில் மூஸ் மான் வேட்டைக்குத் திட்டமிடும் வெளிநாட்டவர், துப்பாக்கியைத் துடைப்பதற்கு முன்னால் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் வேறு மாநிலத்தாருக்கு மூஸ் விஷயத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அவர்களும் வேட்டை உரிமத்துக்கு 160 டாலர், மூஸ் அடையாள வில்லைக்கு 800 டாலர் கட்டுகிறார்கள். உள்ளூர்வாசி கட்டுவது இதில் சிறு பங்குதான். வெளியார் சுடலாம் என்றிருக்கும் பல பகுதிகளில் கடாவின் கொம்பு 50 அங்குல அகலம் இருக்க வேண்டும், அல்லது நெற்றிப்பக்கக் கிளைகள் விதித்த எண்ணிக்கையில் இருக்க வேண்டும். அலாஸ்கா சட்டத்தில் நான் மிக மதிப்பது இறைச்சி விதியை. ஒரு பெரிய கடாவில் சுமார் 500 பவுண்டு இறைச்சி தேறும். உண்ணத்தக்கது அத்தனையையும் காட்டிலிருந்து சுமந்து வர வேண்டும்; அதன் கடைசிச் சுமையோடு அல்லது அதற்குப் பிறகே கொம்பை எடுத்துவரலாம்.

வெளியிலிருந்து வருகிறவன்மீது கூடுதல் பாரம் ஏற்று என்பதே இவ்விதிகளின் உயிர். வெள்ளைக்காரர் ஆட்சிக்கால மலாயாவில், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நடந்தது நேர்மாறானது. வெளியிலிருந்து வந்த துரை கையில் துப்பாக்கியும் உரிமமும் இருந்தன. தொழிலாளர் லயத்தில் குடியிருந்தவன் கையில் நாயும் ஈட்டியும் கம்பிக் கண்ணியும் இருந்தன. அவன் பன்றி பிடித்தால் அது திருட்டு வேட்டை. துரை சுட்டால் அது விளையாட்டு.

அந்தத் துரைகளில் ஒருவர் தியோடோர் ஹப்பேக். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக்கின் தம்பி. நெகிரி செம்பிலானில் ரப்பர் பயிரிட்டவர். யானையும் காட்டெருதும் சுட்டுப் பெயர் வாங்கி, அலாஸ்காவுக்கும் இருமுறை வேட்டைக்குப் போய், அதைப் பற்றி 1929இல் புத்தகம் எழுதினார். அதே மனிதர்தான் 1930இல் மலாயாவின் வனவிலங்கு ஆணையத்தைத் தலைமையேற்று நடத்தினார். பயிரை அழிக்கிறது என்று சொல்லி விலங்குகளைத் தீர்த்துக்கட்டச் சொன்ன சக தோட்டக்காரர்களோடு மோதினார். இன்றைய தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு அடித்தளம் போட்டவர்களில் முதன்மையானவர் அவர். வேட்டையை உள்ளும் புறமும் அறிந்தவரே அதற்கு வேலி கேட்டார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்று ரப்பர் போய் செம்பனை வந்துவிட்டது. லயங்களில் நம் ஆட்களும் குறைந்துவிட்டார்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணியைத் தடைசெய்தது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. பன்றிக்கு வைத்த கம்பி புலியின் காலையும் அறுக்கும். தீபகற்பக் காடுகளில் எஞ்சியிருக்கும் புலிகள் 150க்கும் குறைவு. புலியின் முதன்மை இரையான கடமான் வேட்டையும் 2009 முதல் நிறுத்தப்பட்டது. தோட்டங்களில் பெரும்பாலும் எஞ்சியிருப்பது உரிமத்தோடு நடக்கும் பன்றி வேட்டை. அதற்கு நகரத்திலிருந்து வாகனத்தில் வந்து இறங்குகிறவருக்கு எந்தப் பக்கம் ஓடை, எந்த வரிசைக்குப் பின்னால் ஆள் வேலை செய்கிறார், எது காட்டின் எல்லை என்பதெல்லாம் தெரியாது.

பன்றி தொல்லைதானே, யார் சுட்டால் என்ன என்பார்கள். தொல்லைதான். இளங்கன்றின் அடியைக் கிண்டிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். அதற்கப்புறம் அந்தக் கன்று தேறாது. ஆனால் நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டை ஒருமுறை பாருங்கள். 1990களின் பிற்பகுதியில் அங்கே நடந்த ஆய்வு, சதுர கிலோமீட்டருக்கு 27 முதல் 47 பன்றிகள் வரை கணக்கிட்டது. புலி இல்லை, அக்கம்பக்கத்துச் செம்பனைப் பழம் ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது. ஈனப்போகும் பெண் பன்றி நூற்றுக்கணக்கான மரக்கன்றுகளை ஒடித்துக் கூடு கட்டுகிறது. தோட்டத்தில் கொழுத்த பன்றி காட்டின் அடுத்த தலைமுறையை ஒடிக்கிறது என்றால், வேட்டை என்பது வார இறுதிப் பொழுதுபோக்காக இருக்க முடியாது. எங்கே, எத்தனை, எந்தப் பருவத்தில் என்று கணக்கு வேண்டும். 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நாட்டுக்குள் நுழைந்த பிறகு, குடலையும் தோலையும் வரப்பில் வீசிவிட்டுப் போவதும் ஆபத்து. அந்தக் கிருமி செத்த உடலிலும் நெடுநாள் உயிர்வாழும்.

ஆகவே வெளியூர் வேட்டைக்காரருக்கு உரிமம் கொடுக்கும்போது தோட்டத்தின் பெயரை அதில் குறிக்க வேண்டும். கூலி பெறும் உள்ளூர் வழிகாட்டி கூடவே போக வேண்டும்: தோட்டத்தில் இன்னும் குடியிருப்பவர், அல்லது பக்கத்துக் கிராமத்துத் தெமுவான் பூர்வகுடி. சுட்ட எண்ணிக்கையை எழுதிக் கொடுக்கவும், கழிவைப் புதைக்கவும் அவரே பொறுப்பு. இது தரகர்களை உருவாக்கும் என்ற அச்சம் நியாயமானது. அதனால்தான் தப்பு நடந்தால் வழிகாட்டியின் உரிமமும் பறிபோக வேண்டும். அந்தப் பயம் இல்லாத வழிகாட்டி வெறும் வண்டியோட்டிதான்.

தெமுவான் மக்களுக்குத் தங்கள் குடும்ப உணவுக்காகச் சில விலங்குகளை வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. அந்த உரிமையை இந்த ஏற்பாடு எந்த வகையிலும் தொடக் கூடாது. அவர்கள் தங்களுக்காகப் போவது வேறு, வழிகாட்டியாகப் போவது வேறு என்று உரிமத்திலேயே பிரித்து எழுதிவிட வேண்டும். வனவிலங்குத் துறை பாசோ காட்டை ஒட்டிய தோட்டங்களில் முதலில் இதை நடத்திப் பார்க்கலாம். பன்றிக் கணக்கு ஏற்கெனவே எடுக்கப்பட்ட இடம் அது. பலன் உண்டா இல்லையா என்பதை அங்கே அளந்தே சொல்லிவிடலாம்.