டோப்பாவும் நற்சான்றும்

தமிழ்ப் படத்தில் ஆண் சேலை கட்டினால் தியேட்டர் சிரிக்கிறது. எதைப் பார்த்து என்று கேட்க நம் விமர்சகர்களுக்குத் தோன்றுவதில்லை. ஒப்பனைக்கு எத்தனை மணி நேரம் பிடித்தது என்று எழுதியதும் அவர்கள் கடமை தீர்ந்துவிடுகிறது. சிறு பத்திரிகைக்காரர்களான நாமோ, ஜனரஞ்சகம் என்று ஒதுக்கிவிட்டு, வீட்டு டி.வி.யில் அதையே பார்த்துச் சிரிக்கிறோம்.

'அவ்வை சண்முகி'யை (1996) எடுத்துக்கொள்வோம். 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993) வழி வந்த கதை. மகளைப் பிரிந்த தகப்பன் மாமி வேஷத்தில் மாமனார் வீட்டுக்குள் நுழைகிறான். கமல்ஹாசனின் நடிப்பில் எனக்குக் குறையில்லை. குரலும் நடையும் மடிசாரும் கச்சிதம். என் சண்டை படம் பார்வையாளனோடு செய்துகொள்ளும் பேரத்தைப் பற்றியது. சேலை கட்டுமுன்பே நாயகனுக்கு ஒரு நற்சான்று வாங்கித் தந்துவிடுகிறார்கள்: பிள்ளைப் பாசம். 'ரெமோ'வில் (2016) அது காதல். பிறகு ஏமாந்த ஆண்களைப் பார்த்துச் சிரிக்கலாம். கடைசியில் டோப்பா கழலும். உள்ளே இருந்தது ஆண்தான் என்ற நிம்மதியோடு குடும்பம் வீடு திரும்பும். இது சிரிப்பல்ல, காப்பீடு.

இத்தனைக்கும் அந்தப் படத்தின் தலைப்பே டி.கே. சண்முகத்தை நினைவுபடுத்துவது. ஔவையாராக மேடையில் நின்ற அந்த மனிதருக்கு எந்த நற்சான்றும் தேவைப்படவில்லை. வேஷமே காரணமாக இருந்தது.

நான் குடியிருக்கும் படூரைச் சுற்றிக் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அடுக்குமாடிகளும் எழும்பிவிட்டன. ஆனாலும் செங்கல்பட்டுச் சீமையில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவென்றால் பாரதக் கூத்து இன்னும் நடக்கிறது. பாஞ்சாலி கட்டுபவர் ஆண். அது ஊருக்கே தெரியும். துகில் உரியும் நேரத்தில் சூடம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள். பெண்களுக்கு ஆவேசம் வருகிறது. அதே மேடையில் கட்டியக்காரன் ஆபாசமாகக்கூடப் பேசிச் சிரிக்க வைக்கிறான். ஆனால் பாஞ்சாலி ஆண் என்பது அங்கே ஜோக் இல்லை. இந்த ரசனையை நாம் எந்த இடத்தில் தொலைத்தோம்?

'அது பக்தி, இது காமெடி' என்பார்கள். சரி, காமெடிக்கே வருகிறேன். 1972இல் ஜான் வாட்டர்ஸ் அமெரிக்காவின் பால்டிமோரில் சுமார் 12,000 டாலரில் 'பிங்க் ஃபிளமிங்கோஸ்' எடுத்தார். நாயகி டிவைன், பெண் வேஷம் கட்டிய பருத்த ஆண். படம் அருவருப்பானது, வேண்டுமென்றே அப்படி எடுத்தது. எல்லோருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். ஆனால் அதில் வேஷத்துக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. டோப்பா கழல்வதில்லை. உலகத்திலேயே அசிங்கமான ஆள் என்ற பட்டத்துக்காக டிவைன் கர்வத்தோடு போராடுகிறார். சிரிப்பு அவர் கையில் இருக்கிறது. நாம்தான் அதற்கு ஆளாகிறோம்.

டிவைன் வேஷக்காரர். திருநங்கையர் நிலை வேறு. அவர்கள் கட்டியிருப்பது வேஷமே அல்ல. ஆனால் நம் சினிமாவின் பேரம் அவர்களைத்தான் அதிகம் அடிக்கிறது. டோப்பா கழலாத வாழ்க்கைக்கு அதில் இடம் இல்லாததால், வெகுகாலம் அவர்கள் பாட்டுக்கு நடுவில் கைதட்டிப் போகும் கேலிப் பொருளாகவே வந்தார்கள். 2008இல் தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. சினிமாவும் கொஞ்சம் திருந்தி, 'நர்த்தகி' (2011), 'சூப்பர் டீலக்ஸ்' (2019) என்று அவர்கள் துயரத்தைக் காட்டியது. நல்லதுதான். ஆனால் கருணையை அளந்து கொடுத்தவர்கள் சிரிப்பைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அழ மட்டும் உரிமை பெற்றவர் இன்னும் முழு மனிதராகவில்லை. நம்மைப் பார்த்து அவர்கள் சிரிக்கும் படம் எங்கே?

அதற்குப் பெரிய முதல் தேவையில்லை. கையில் கேமரா வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சொல்கிறேன்: பாசத்தையும் காதலையும் சாக்காகத் தேடாதீர்கள். சேலை கட்டியவரைச் சேலையோடே படம் முடியும்வரை இருக்க விடுங்கள். தியேட்டர் அப்போதும் சிரிக்கிறதா, பார்ப்போம்.