சப் வெடிக்குதெண்டால் புதுச் சப் வாங்காதீங்கோ

வாகனத்துக்குள்ள பாட்டைக் கூட்டிப் போடுறதை நாங்கள் குற்றமாக நினைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனெண்டால் சப் வூபர் எண்ட சொல்லைக் கேட்டவுடனேயே "காவாலிப் பெடியளின்ர வேலை" எண்டு முகம் சுளிக்கிற ஒரு கூட்டம் எங்கட ஊர்களில் இருக்கிறது. பறையும் தவிலும் கேட்டு வளர்ந்த சனத்துக்கு நெஞ்சில வந்து இடிக்கிற சத்தம் ஒண்டும் புதுசில்லை. எங்கட முறைப்பாடு வேறு. றோட்டில எங்களைக் கடந்து போற பல வான்களிலயும் ஓட்டோக்களிலயும் கேட்கிறது பேஸே இல்லை. கிழிஞ்ச சாக்கைத் தடியால அடிக்கிற மாதிரி ஒரு "பர்ர்" சத்தம். ஆயிரக்கணக்கில் காசைக் கொட்டி வாங்கிய சாமான் அப்படிக் கத்துகிறது என்பதுதான் எங்களுக்கு வயிற்றெரிச்சல்.

அதைவிட வயிற்றெரிச்சல், அந்தச் சத்தத்துக்குக் கடைகளில் சொல்லப்படுகிற வைத்தியம். "இந்தச் சப் காணாது தம்பி, பன்னிரண்டு இஞ்சி ஒண்டைப் போடுவம்." போடுவார்கள். அம்பிளிபையர் பழையது, வயர் பழையது, குமிழ்கள் எல்லாம் பழைய இடத்திலேயே நிற்கும். ரெண்டு மாதத்தில் புதுச் சப்பிலயும் அதே "பர்ர்". 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரைக்கும் தனியார் வாகனங்கள் வராமல் இருந்த காலத்தில், இருக்கிற வாகனத்தைச் சோடிக்கிறதுதான் பெடியளுக்கு மிஞ்சிய ஒரே வழியாக இருந்தது. 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தச் சாமான்களின் விலை என்ன ஆனதெண்டு வாங்கினவையைக் கேட்டுப் பாருங்கோ.

சப் ஏன் அப்படிக் கத்துகிறது? பெரும்பாலும் அதில் பிழையே இல்லை. அம்பிளிபையர் பற்றரியிலிருந்து வாற மின்சாரத்தைத் தனக்குள் ஒரு குறிப்பிட்ட வோல்ற் அளவுக்கு உயர்த்தி வைத்துக்கொள்கிறது. பாட்டின் அலை அந்த அளவுக்குள் ஏறி இறங்கும் வரைக்கும் சுகம். அதைத் தாண்டி ஏறச் சொன்னால் ஏற இடமில்லை, முகடு வெட்டப்பட்டுத் தட்டையாகிவிடும். கிளிப்பிங் என்பது இதைத்தான். 40 ஹேர்ட்ஸில் ஒரு உருண்டையான முழக்கத்தை அனுப்பினால், வெட்டுப்பட்ட அலையில் 120, 200 ஹேர்ட்ஸ் எண்டு கூடவே வேறு சத்தங்களும் முளைக்கும். சப்பிலிருந்து வரக்கூடாத அந்தக் கரகரப்பு அங்கேயிருந்துதான் வருகிறது.

இனிச் சப்பின் சாவுக்கு வருவோம். முழுக்கத் தட்டையாகிச் சதுரமான அலை, அதே உயரமுள்ள சுத்தமான அலையைப்போல ரெண்டு மடங்கு சக்தியைச் சுருளுக்குள் தள்ளும். 300 வோட்ஸுக்குச் செய்த அம்பிளிபையரே கிட்டத்தட்ட 600 வோட்ஸ் சூட்டைக் கொடுக்கலாம். "சின்ன அம்பிளிபையர் பெரிய சப்பை எரிக்காது" எண்ட கதையை நம்பினவர்களின் டிக்கிகளில்தான் அந்த எரிஞ்ச வார்னிஷ் மணம் வருகிறது.

இதுக்கெல்லாம் முதல் குற்றவாளி கெயின் குமிழ். அதை வொலியூம் எண்டு நினைக்கிறார்கள். அது வொலியூம் இல்லை. முன்னுக்கு இருக்கிற செற் எத்தனை வோல்ற் அனுப்புகிறதோ, அதுக்கு அம்பிளிபையரைப் பொருத்துகிற திருகி அவ்வளவுதான். சில செற்றுகள் 2 வோல்ற் அனுப்பும், சில 4 வோல்ற். 4 வோல்ற் வாற இடத்தில் கெயினை முழுக்கத் திருப்பி வைத்தால், செற்றின் வொலியூம் பாதியைத் தாண்ட முன்னமே அம்பிளிபையர் தன் எல்லையைத் தொட்டுவிடும். அதுக்கு மேல எவ்வளவு கூட்டினாலும் கிடைப்பது வெட்டுப்பட்ட அலைதான்.

சரியாக வைக்கிறதுக்குப் பெரிய மிசின் தேவையில்லை, சாதாரண மல்ரிமீற்றர் காணும். சப்பின் வயரைக் கழற்றிவிடுங்கோ. பேஸ் பூஸ்ற், ஈக்குவலைசர் எல்லாத்தையும் பூச்சியத்தில் வையுங்கோ. செற்றின் வொலியூமை முக்கால்வாசியில் நிறுத்தி, 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிட்டு, அம்பிளிபையரின் வெளியீட்டில் ஏசி வோல்ற்றை அளந்துகொண்டே கெயினை மெல்ல மெல்ல ஏற்றுங்கோ. எந்த வோல்ற்றில் நிற்பது? அம்பிளிபையரின் ஆர்எம்எஸ் வோட்ஸையும் சப்பின் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கோ. 300 வோட்ஸும் 4 ஓமும் எண்டால் 1200, அதின் வர்க்கமூலம் ஏறத்தாழ 34.6. அந்த இடத்தில் விடுங்கோ. சப்பின் ஆர்எம்எஸ் அம்பிளிபையரைவிடக் குறைவெண்டால் சப்பின் கணக்கைத்தான் எடுக்கவேணும். ஓ.எல் படிச்ச எவராலும் செய்யக்கூடிய கணக்கு இது, பத்து நிமிஷம் கூடப் பிடிக்காது.

பேஸ் பூஸ்ற் குமிழைப் பற்றி ஒரு வசனம் போதும்: 6 டெசிபல் கூட்டினால் அம்பிளிபையரிடம் நாலு மடங்கு சக்தி கேட்கிறீர்கள், அது அவரிட்ட இல்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு வான்காரத் தம்பி ஒரே வருஷத்தில் ரெண்டு சப் மாற்றினவர். மூண்டாவதுக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் எங்களில் ஒருவர் பின் கதவைத் திறந்து பார்த்தார். கெயின் முழுக்க, பூஸ்ற் முழுக்க. பற்றரியிலிருந்து வந்த வயர் சுண்டுவிரலின் பாதிகூட இல்லை, வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பூசிய அலுமினியம். கிறவுண்ட் வயர் பெயின்ற் சுரண்டப்படாத ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டு இருந்தது. பேஸ் விழுந்த ஒவ்வொரு முறையும் ஹெட்லைற் மங்கினதை அவர் பெருமையாகக் காட்டித் திரிந்தவர். அது பெருமைப்பட ஒண்டுமில்லை. வோல்ற் விழுகிறதெண்டு அர்த்தம், வோல்ற் விழுந்தால் அம்பிளிபையர் இன்னும் முந்தியே வெட்டத் தொடங்கும். 500 வோட்ஸ் கொடுக்கிற பழைய ரக அம்பிளிபையர் முழு வேகத்தில் 60 அம்பியருக்கு மேல் இழுக்கும். சின்னக் கார்களின் ஒல்ரனேற்றர் முழுக்கத் தாறதே அந்தளவுதான், ஓட்டோவில் அதுவும் இல்லை. மொத்தமான நல்ல செம்பு வயரும், பெயின்ற் சுரண்டி இறுக்கின குட்டைக் கிறவுண்டும் போட்டு, கெயினை இறக்கி வைத்தோம். பொருத்தியிருந்த சப்பே சுத்தமாக முழங்கியது. மூண்டாவது வாங்கவேண்டி வரேல்ல.

எல்லாச் சத்தமும் கிளிப்பிங் இல்லை என்பதையும் சொல்லவேணும். வொலியூமைக் குறைத்தவுடன் நிற்கிற கரகரப்பு அளவுக்கு மீறி ஓட்டுகிறதால் வாறது. "டக், டக்" எண்டு இரும்பில இடிக்கிற மாதிரிக் கேட்டால், கூம்பு அளவுக்கு மிஞ்சி உள்ளே போய்ச் சுருள் பின் தகட்டில் மோதுகிறது. துவாரம் வைத்த பெட்டிகளில் இது அதிகம், சப்சொனிக் பில்ரர் இருந்தால் அதைப் போட்டு வையுங்கோ. மெதுவாக வைத்தாலும் உரசிக் கேட்டால் வாகனத்தை நிப்பாட்டி, கூம்பை ரெண்டு கையாலும் சமமாக மெல்ல அமத்திப் பாருங்கோ. உரசினால் சுருள் கோணிவிட்டது, அதுக்கு மருந்தில்லை. அக்சிலேற்றரோட சேர்ந்து ஏறி இறங்குகிற "ங்ஙீ" சத்தமெண்டால் சப்பை விட்டுவிட்டு கிறவுண்டையும் ஆர்சிஏ வயரையும் பாருங்கோ. சிலவேளை எல்லாம் சரியாக இருக்கும், பின் நம்பர் பிளேற்தான் ஆடிக்கொண்டு இருக்கும். கையால பொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். நம்பர் பிளேற்றுக்காகச் சப் மாற்றினவையும் இருப்பினம், நாங்கள் ஆச்சரியப்படமாட்டோம்.

பெட்டியில் எழுதியிருக்கிற "2000 வோட்ஸ்" பற்றியும் கதைக்காமல் விடேலாது. அம்பிளிபையரில் செருகியிருக்கிற பியூஸைப் பாருங்கோ. ரெண்டு 25 அம்பியர் பியூஸ் எண்டால் மொத்தம் 50. அதை 13.8 வோல்ற்றால் பெருக்கினால் 690 வோட்ஸ் உள்ளே போகுது. பழைய ரக அம்பிளிபையர் அதில் பாதியைத்தான் சத்தமாக்கும், மிச்சம் சூடு. அப்ப மிஞ்சுறது 345 வோட்ஸ். 2000 எங்கே போனது? விற்கிறவருக்கும் இது தெரியும், தெரியாமல் விற்கிறவர் இருந்தால் அது அதைவிட மோசம்.

பெரியவர்கள் சொல்லுகிற காது விஷயத்தையும் தட்டிக் கழிக்க முடியாது. 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் தாங்குகிற காது, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதிப் பாதியாகக் குறைந்து, 100 டெசிபலில் கால் மணித்தியாலம்தான் தாங்கும் எண்டுதான் தொழில் பாதுகாப்புக் கணக்கு சொல்கிறது. நாள் முழுக்க வானுக்குள்ளேயே இருக்கிற சாரதியும் பின்னுக்கு இருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இதைத்தான் கேட்டுக்கொண்டு போகிறார்கள். கிளிப் ஆகிற சப்பில், சத்தம் இன்னும் காணாது எண்டு கூட்டிக்கொண்டே போகத்தான் மனம் சொல்லும். சக்தியை ரெண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது பெரிய வித்தியாசமே இல்லை. அதால கெயினை இறக்கிறதில் நீங்கள் இழக்கப்போறது ஒண்டுமில்லை.

ஆகவே நாங்கள் கடைக்காரரிடம் கேட்கிறது ரெண்டே விஷயம். பில்லில் ஆர்எம்எஸ் வோட்ஸை எழுதுங்கோ. பொருத்தின பிறகு மீற்றர் வைத்துக் கெயினைச் சரிபார்த்து, வாங்கினவரின் கண்ணுக்கு முன்னால் அந்த வோல்ற்றைக் காட்டுங்கோ. அதுக்குத் தனியாக ஒரு கூலி கேட்டாலும் நியாயம்தான், பெடியள் தருவாங்கள். வாங்கப் போற தம்பிமார், தங்கச்சிமார், மீற்றர் இல்லாத கடையெண்டால் வீட்டில இருந்து ஒண்டைக் கொண்டு போங்கோ.