இன்சுலின் இருந்தும் சர்க்கரை இறங்காதது ஏன்?

இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது!

2023-ம் ஆண்டு ஜூன் மாதம் வெளியான கணக்கு இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் நாடு முழுவதும் சென்று, 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைச் சோதித்துப் பார்த்தார்கள். 2021-ம் ஆண்டில் இருந்த நிலைமை இது என்று கணக்கிட்டுச் சொன்னார்கள்.

மேலும் 13½ கோடிப் பேர் வியாதியின் வாசலில் நிற்கிறார்கள். அவர்களுடைய இரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. வியாதி என்று சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

பட்டணத்து வியாதி, பணக்காரர் வியாதி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இப்போது அப்படி இல்லை. வயது வந்தவர்களில், நகரங்களில் 100-க்கு 16 பேருக்கும், கிராமங்களில் 100-க்கு 9 பேருக்கும் இந்த வியாதி இருக்கிறது.

"இன்சுலின் சுரக்கவில்லை. அதனால் சர்க்கரை வந்துவிட்டது" என்று வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். ஆனால், பெரும்பாலோருக்கு இன்சுலின் அடியோடு இல்லாமல் போவது இல்லை. வியாதி தொடங்கும் காலத்தில், பலருக்கு மற்றவர்களைவிட அதிகமாகவே இன்சுலின் இருக்கிறது!

அப்படியானால், சர்க்கரை ஏன் இறங்கவில்லை?

டொராண்டோ சிறுவன்

1922-ம் ஆண்டு ஜனவரி மாதம். கனடா நாட்டில் டொராண்டோ நகர ஆஸ்பத்திரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் சாகக் கிடந்தான். அவன் பெயர் லியோனார்டு தாம்ஸன். எலும்பும் தோலுமாக இருந்தான். அந்தக் காலத்தில் பத்தியம், பட்டினி இவற்றைத் தவிர இந்த வியாதிக்கு வேறு வழி கிடையாது.

டாக்டர் பாண்டிங்கும் அவருடைய கூட்டாளிகளும், மாட்டின் கணையத்தில் இருந்து ஒரு சாறு எடுத்து வைத்திருந்தார்கள். கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் ஓர் உறுப்பு. முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. 12 நாள் கழித்து, சாற்றை நன்றாகச் சுத்தப்படுத்திப் போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. சிறுவன் பிழைத்தான். அதன் பிறகு 13 ஆண்டுகள் உயிரோடு இருந்தான்.

அந்தச் சாறுதான் இன்சுலின். மறு ஆண்டே பாண்டிங்குக்கும் மக்லியாடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சர்க்கரை வியாதி தீர்ந்தது என்று உலகம் மகிழ்ந்தது.

பலிக்காத ஊசி

ஆனால், ஒரு சிக்கல் இருந்தது. எல்லாருக்கும் ஊசி ஒரே மாதிரி பலிக்கவில்லை.

1936-ம் ஆண்டில், லண்டன் டாக்டர் ஹிம்ஸ்வொர்த் ஒரு சோதனை செய்தார். நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார். அதே நேரத்தில் இன்சுலின் ஊசியும் போட்டார். சிலருக்குச் சர்க்கரை அடங்கியது. சிலருக்கு ஏறிக்கொண்டே போயிற்று. "இது ஒரே வியாதி அல்ல. இதில் இரண்டு வகை இருக்கிறது" என்று அவர் கூறினார்.

அதை நிரூபிக்க வேண்டுமானால், இரத்தத்தில் எவ்வளவு இன்சுலின் இருக்கிறது என்று அளக்கவேண்டும். அது ஊசி முனையிலும் நுணுக்கமான அளவு. நியூயார்க்கில் ரோசலின் யாலோ என்ற பெண் விஞ்ஞானியும், டாக்டர் பெர்ஸனும் அதற்கு வழி கண்டார்கள். 1960-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள்.

நடுத்தர வயதில் சர்க்கரை வியாதி வந்த பலருக்கு இன்சுலின் குறையவில்லை. மாறாக, கூடுதலாக இருந்தது!

யாலோவுக்கு 1977-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்ஸன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

சாவி இருக்கிறது, பூட்டு எங்கே?

நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவும் ஒரு சிறு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அடுப்பு எரிய விறகு வேண்டும். அந்த விறகுதான் சர்க்கரை. இரத்தம் என்ற தெருவில் விறகு வண்டி வருகிறது. கதவு திறந்தால்தான் விறகு உள்ளே போகும்.

கதவைத் திறக்கும் சாவி இன்சுலின் என்றால், பூட்டு எங்கே? 1971-ம் ஆண்டு வரை அதை யாரும் நேராகப் பிடித்துக் காட்டவில்லை.

அந்த ஆண்டில், வாஷிங்டனுக்கு அருகே உள்ள அமெரிக்க அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில், பிரெய்ஷே, ராத், நெவில் என்ற மூவர் எலியின் ஈரலை எடுத்துக்கொண்டார்கள். இன்சுலினில் கதிர்வீசும் அயோடினை அடையாளமாகச் சேர்த்தார்கள். அது ஈரல் உயிரணுவின் மேல்தோலில், குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டிக்கொள்வதைக் கண்டார்கள். அதே ஆண்டில், பால்டிமோர் நகரில் குவாட்ரகாசாஸ் என்ற விஞ்ஞானி கொழுப்பு அணுக்களிலும் இதைக் கண்டார்.

அந்த இடத்துக்கு "இன்சுலின் ஏற்பி" என்று பெயர்.

கழுத்தில் கறுப்பு

பூட்டு கெட்டுப்போனால் என்ன ஆகும்? 1976-ல் அதற்கு விடை கிடைத்தது. டாக்டர் ரொனால்டு கான் என்பவரும் அவருடைய குழுவினரும் சில பெண்களைச் சோதித்தார்கள். அவர்களுக்கு இன்சுலின் ஏராளமாக இருந்தும் பயன் இல்லை. இளம் பெண்களுக்கு ஏற்பியிலேயே குறை இருந்தது. வயது முதிர்ந்த பெண்களுக்கோ, அவர்களுடைய இரத்தத்தில் உண்டான எதிர்ப்புப் பொருளே ஏற்பியைப் போய் அடைத்துக்கொண்டிருந்தது!

இந்தப் பெண்களின் கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்து, வெல்வெட் துணி போல் இருந்தது.

இந்த இரண்டு வியாதிகளும் மிக அபூர்வம். ஆனால், கழுத்துக் கறுப்பு அபூர்வம் அல்ல. உடல் பருத்த பிள்ளைகளின் பின்கழுத்தில் இதைப் பார்க்கலாம். அழுக்கு என்று நினைத்துத் தாய்மார்கள் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கிறார்கள். தேய்த்தால் போகாது. இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையை டாக்டரிடம் காட்டுவது நல்லது.

மணி அடித்தும் எழவில்லை

1982-ல் மற்றொரு புதுமை தெரிய வந்தது. கசுகா, கார்ல்ஸன், கான் ஆகியோர் கண்டது இது. ஏற்பி வெறும் பூட்டு அல்ல. வாசல் மணி போன்றது!

ஏற்பியின் ஒரு பாதி சுவருக்கு வெளியே இருக்கிறது. மறுபாதி உள்ளே இருக்கிறது. இன்சுலின் வெளியே தொட்டதும், உள்ளே மணி அடிக்கிறது. வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் எழுப்புகிறார்கள். கடைசியில், உள்ளே கிடக்கும் கதவுகள் சுவருக்கு வந்து திறக்கின்றன. விறகு உள்ளே வருகிறது.

1985-ல் ஏற்பியின் அமினோ அமில வரிசை முழுவதும் தெரிந்தது. பிறவியிலேயே ஏற்பி கெட்டுப்போன குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். அதற்குக் காரணமான மரபணுக் கோளாறு 1988-ல் தெரிந்தது.

இதெல்லாம் தெரிந்தபின், சாதாரணச் சர்க்கரை நோயாளிகளைச் சோதித்தார்கள். எல்லாருக்கும் மணி கெட்டிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால், பெரும்பாலோருக்கு மணி நன்றாகவே இருந்தது! மணிச் சத்தம் உள்ளே எட்டவில்லை. கோளாறு மணிக்குப் பின்னால் இருந்தது.

அதற்கு முக்கிய காரணம் கொழுப்பு. சேர வேண்டிய இடத்தில் சேராமல், ஈரலிலும் தசையிலும் கொழுப்பு சேருகிறது. அது உள்ளே போகும் செய்தியைத் தடுக்கிறது. எழுப்புவதற்காகக் கணையம் மேலும் மேலும் இன்சுலினை அனுப்புகிறது. பல ஆண்டுகள் இப்படி உழைத்து, கணையம் களைத்துப்போகிறது. அப்போதுதான் சர்க்கரை ஏறுகிறது.

சாப்பிடாமலே ஏறுவது ஏன்?

"ராத்திரி அரை வயிறுதான் சாப்பிட்டேன். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை ஏறியிருக்கிறதே!" என்று பலர் அங்கலாய்க்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள், திருட்டுத்தனமாக இனிப்புத் தின்றதாகச் சந்தேகிக்கிறார்கள். அது நியாயம் அல்ல.

பாஸ்டன் நகரில் கானின் ஆராய்ச்சிக் கூடத்தில், 1998-ல், தசையில் மட்டும் ஏற்பி இல்லாத எலிகளை உண்டாக்கினார்கள். அவற்றுக்குச் சர்க்கரை வியாதி வரவில்லை. 2000-ம் ஆண்டில், ஈரலில் மட்டும் ஏற்பி இல்லாத எலிகளை உண்டாக்கினார்கள். அவற்றுக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியது!

ஈரல் ஒரு சர்க்கரைக் கிடங்கு. நாம் பட்டினியாக இருக்கும்போது, அது சர்க்கரையை இரத்தத்துக்கு அனுப்புகிறது. "போதும், நிறுத்து" என்று அதற்கு உத்தரவு போடுவது இன்சுலின். அந்த உத்தரவு ஈரலின் காதில் விழாவிட்டால், இரவெல்லாம் சர்க்கரையைக் கொட்டுகிறது. பலர் தினமும் விழுங்கும் மெட்பார்மின் மாத்திரை, ஈரல் கொட்டும் இந்தச் சர்க்கரையைத்தான் பெரும்பாலும் குறைக்கிறது.

ஒல்லியாக இருந்தால் பயம் இல்லையா?

"நான் குண்டு இல்லையே! எனக்கு எப்படி வந்தது?" என்பது இன்னொரு கேள்வி.

புனே நகரின் டாக்டர் யாஜ்னிக்கும், லண்டன் டாக்டர் யுட்கினும் நண்பர்கள். உயரத்துக்கு ஏற்ற எடையைக் கணக்குப் பார்த்தால் இருவரும் ஒன்றே. ஆனால், உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தபோது, லண்டன்காரருக்கு 100-க்கு 9 பங்கு இருந்தது. புனேக்காரருக்கு 21 பங்கு இருந்தது! 2004-ல் இதை இருவரும் படத்தோடு வெளியிட்டார்கள். இந்தியர்கள் பலர் பார்வைக்கு ஒல்லி. ஆனால், கொழுப்பு உள்ளே, முக்கியமாக வயிற்றுப் பகுதியில், சேர்ந்திருக்கிறது. எடைக் கருவியை நம்பி ஏமாறக் கூடாது. இடுப்புச் சுற்றளவையும் பார்க்கவேண்டும்.

மீண்டும் கேட்குமா?

கேட்கும். இந்த ஆராய்ச்சியில் கிடைத்த நல்ல செய்தி இது.

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும், வியாதி வந்து 6 ஆண்டுகளுக்கு மேல் ஆகாதவர்களை டாக்டர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மேற்பார்வையில் உணவைக் குறைத்து, எடையைக் குறைத்தார்கள். 2017-ல் முடிவு வெளியாயிற்று. ஓர் ஆண்டில் 100-க்கு 46 பேருக்கு, மாத்திரை இல்லாமலே சர்க்கரை வியாதி அளவுக்குக் கீழே வந்துவிட்டது. வழக்கமான வைத்தியம் பெற்றவர்களில் 4 பேருக்குத்தான் அப்படி ஆயிற்று.

சென்னையில் டாக்டர் இராமச்சந்திரன் குழுவினர், வியாதியின் வாசலில் நின்றவர்களுக்கு நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் மூன்று ஆண்டுகளில், வியாதி வரும் அபாயம் கால் பங்குக்கு மேல் குறைந்தது. 2006-ல் வெளியான முடிவு இது.

நடப்பதில் இன்னொரு லாபம் உண்டு. வேலை செய்யும் தசை, இன்சுலின் மணி அடிக்கக் காத்திருப்பது இல்லை. கதவைத் தானே திறந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது.

ஊசியை நிறுத்தலாமா?

கூடாது! டொராண்டோ சிறுவனுக்கு வந்தது, கணையத்தில் இன்சுலினே சுரக்காமல் போகும் வகை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது அதுதான். அவர்களுக்கு ஊசிதான் உயிர். பச்சிலை, சூரணம் என்று யார் சொன்னாலும், ஒரு நாள்கூட ஊசியை நிறுத்தக் கூடாது.

பெரியவர்களுக்கும், கணையம் களைத்துப்போன பின் ஊசி தேவைப்படலாம். "ஊசி போட்டால் கடைசிக் கட்டம்" என்பது வீண் பயம். சர்க்கரை இறங்கினாலும், மாத்திரையைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும்.

10 கோடிப் பேருக்கு வியாதி வந்துவிட்டது. 13½ கோடிப் பேர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள். அவர்களில் பலருக்கு அது தெரியவே தெரியாது. முப்பது வயது தாண்டியவர்களும், தாய் தந்தையருக்குச் சர்க்கரை உள்ளவர்களும், ஒரு நாள் காலையில் வெறும் வயிற்றோடு போய் இரத்தத்தைச் சோதித்துக்கொண்டால் தெரிந்துவிடும்.