குருபீடமும் பிரஜாவுரிமையும்

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான மௌயியில் பிறந்து, பள்ளிப் பருவத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடி வளர்ந்த ஜெஸ்ஸி குஹாவ்லுவா, 1964-ஆம் ஆண்டின் கடுங்குளிரில் தமது பத்தொன்பதாம் வயதில் டோக்கியோ சென்று, தகாசாகோ என்னும் சுமோ மல்லர் கூடத்தில் சிஷ்யராகச் சேர்ந்தார். விடியுமுன் எழுந்து, மூத்த மல்லர்களுக்கு ஏவல் புரிந்து, கால்களை இருபுறமும் அகல விரித்து மார்பு தரையில் படியக் குனியும் பயிற்சியில் வலி பொறாது கண்ணீர் விட்ட அவரே, தகாமியாமா என்னும் மல்லர் பெயர் பூண்டு, 1972 ஜூலையில் நகோயாவில் நடந்த போட்டியில் 13 வெற்றிகளும் 2 தோல்விகளுமாக முதன்மை பெற்று, அயல்நாட்டில் பிறந்தோருள் பேரரசர் கிண்ணத்தை ஏந்திய முதல்வரானார். அன்று அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸனின் வாழ்த்துச் செய்தியை அந்நாட்டுத் தூதர் களிமண் மேடையின் மீது நின்று ஆங்கிலத்தில் வாசித்தார். வாழ்த்து அனுப்புவது ஆட்சியாளருக்குச் செலவில்லாத காரியந்தான். எனினும் அந்த மேடை அதற்கு முன் அத்தகைய காட்சியைக் கண்டதில்லை.

அவர் யோகோசுனா என்னும் சிகரத்தை எட்டியவரல்லர். செகிவாகே என்னும் மூன்றாம் படியே அவரது எல்லை. ஆயினும் உச்சப் பிரிவில் ஒரு நாளும் விடுபடாமல் தொடர்ச்சியாக 1,231 ஆட்டங்கள் ஆடியதும், கீழ்ப்படியில் இருந்துகொண்டே யோகோசுனாக்களைப் பன்னிரண்டு முறை வீழ்த்தியதும், பயிற்சியில் தொண்டையில் பட்ட அடியால் கரகரத்துப்போன குரலோடு படுக்கை விளம்பரத்தில் தோன்றி வீடுதோறும் அறிமுகமானதும், பட்டங்கள் பல பெற்ற மல்லர் சிலருக்கும் வாய்க்காத ஜனப் பிரீதியை அவருக்கு அளித்தன.

இங்கேதான் என் ஆட்சேபம் தொடங்குகிறது. ஓய்வு பெற்ற மல்லர் ஒருவர் ஜப்பான் சுமோ சங்கத்தில் மூப்பராக நீடித்துச் சிஷ்யர்களைப் பயிற்றுவிக்க வேண்டுமாயின், வரம்புக்குட்பட்ட 105 மூப்பர் உரிமைகளுள் ஒன்றைப் பெற வேண்டும். அதற்கு ஜப்பானியப் பிரஜையாக இருத்தல் அவசியம் என்று 1976-இல் விதி செய்தார்கள். அது யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது என்று ஊகிப்பது கடினமன்று. தகாமியாமா 1980-இல் தாய்நாட்டின் குடியுரிமையைத் துறந்து வத்தனாபே தாய்கோரோ ஆனார். 1984-இல், நாற்பதை நெருங்கும் வயதில், களம் விட்டார். 1986-இல் அஸுமாஸெகி கூடத்தை நிறுவினார். அங்கே அவர் வளர்த்த ஹவாய் இளைஞர் அகெபோனோ, 1993-இல் அயல்நாட்டில் பிறந்த முதல் யோகோசுனாவாக உயர்ந்தார்.

சுமோ வெறும் விளையாட்டன்று, ஷிண்டோ வழிபாட்டோடு பிணைந்த சம்பிரதாயம். அதனைக் காப்போர் அந்நாட்டவராகவே இருத்தல் நலம் என்பாரின் வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால், புதிதாகப் பதவியேற்ற யோகோசுனா இடையில் புனிதக் கயிறு பூண்டு மெய்ஜி ஆலயத்தில் சடங்கு நிகழ்த்துகையில், அவர் மங்கோலியப் பிரஜையா என்று எவரும் கேட்பதில்லை. சடங்கின் உச்சத்தையே அந்நியரிடம் ஒப்படைத்துவிட்டு, அதே மனிதர் வயது முதிர்ந்து சிறுவர்களுக்குக் கால் ஊன்றக் கற்பிக்க வருகையில் மட்டும் தேசத்தை மாற்றிக்கொள் என்பதில் நியாயம் எங்கே?

விதி, தான் காக்க விரும்புவதையேனும் காத்ததா? 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெள்ளி வென்று மங்கோலியாவின் கீர்த்தியை உயர்த்திய தந்தைக்குப் பிறந்து, 45 முறை முதன்மை பெற்ற ஹாகுஹோ, அத்தந்தை மறைந்த பின், 2019-இல் ஜப்பானியரானார். 2021-இல் ஓய்வு பெற்று, மியாகினோ கூடத்தின் ஆசானாகவும் ஆனார். 2024-இல் அக்கூடத்து மல்லர் ஒருவர் இளையோரைத் துன்புறுத்தியது வெளிப்பட, ஆசானின் பதவி தாழ்த்தப்பட்டது, கூடம் வேறொரு கூடத்தின் மேற்பார்வைக்குச் சென்றது. 2025 ஜூனில் அவர் சங்கத்தையே விட்டு விலகினார். அந்தச் சிறுவர்களை அவருடைய புதிய பிரஜாவுரிமை காக்கவில்லை. ஜப்பானில் பிறந்த ஆசான்களின் கூடங்களிலும் இத்தகைய கொடுமைகள் நிகழ்ந்ததுண்டு. ஆகவே மூப்பர் பதவி நாடுவோரிடம் குடியுரிமைப் பத்திரத்தைக் கேட்பதை விடுத்து, அவர் களத்தில் நின்ற ஆண்டுகளையும், தம்மினும் இளையோரை நடத்திய விதத்தையும் சங்கம் விசாரிக்கட்டும்.