கதையிற் சாவு

இறப்பு நிகழாத பெருங்காப்பியம் அரிது. அழுகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களன் நான்கனுள் இழவையும் ஒன்றாக வைத்தார் தொல்காப்பியர். ஆயினும், கதைமாந்தர் ஒருவர் மாண்டார் என்பதனாலேயே அவலச்சுவை பிறந்துவிடுவதில்லை. அச்சாவு கதையினுள்ளிருந்து முளைத்ததா, ஆசிரியராற் புறத்தேயிருந்து சுமத்தப்பட்டதா என்பதே ஆராயற்பாலது.

சிலப்பதிகாரத்தை நோக்குக. பொற்கொல்லன் பொய்யுரைக்க, பாண்டியன் ஆராயாது ஏவியமையாற் கோவலன் கொலையுண்டான். தன் பிழை வெளிப்பட்டவுடன் பாண்டியன் அரியணையிலேயே உயிர்நீத்தான், கோப்பெருந்தேவியும் உடன்மாய்ந்தாள். முதற்சாவு அநீதி, அடுத்தது அவ்வநீதிக்கு அரசன் தானே செலுத்திய தண்டம். இவற்றுள் ஒன்றை நீக்கினும் காப்பியம் சரியும். பின்னர்க் கோவலன் தாய், கண்ணகி தாய், மாதரி, கவுந்தியடிகள் ஆகியோர் இறந்த செய்தியை மாடலன் வாயிலாகச் சுருங்கச் சொல்லி அமைகின்றார் இளங்கோவடிகள். அழுகைக்கு இடமிருந்தும் அதனை நீட்டாத அடக்கம் போற்றத்தக்கது.

கம்பன் காட்டும் கும்பகருணனும் அத்தகையனே. அறம் இராமன் பக்கத்தது என்று உணர்ந்தும், வீடணன் வந்தழைத்தும், தமையனுக்குப் பட்ட நன்றிக்கடனை நினைந்து களத்தில் நிற்கின்றான். அவன் முடிவு அவன் தெரிந்துகொண்ட வழியிலேயே வருகின்றது.

இதற்கு மாறானதும் உண்டு. ஆதர் கொனன் டொயில், ஷேர்லொக் ஹோம்ஸ் என்னும் துப்பறிவாளனை எழுதிச் சலித்து, 1893 இல் அருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார். 1903 இல் அவனையே உயிரோடு மீட்டார். ஆசிரியர் சலிப்பினால் இறந்தவன் வாசகர் விருப்பினால் எழுந்தான். கதையின் நியாயத்துக்கு இரண்டிடத்தும் வேலையில்லை.

எம் இளம் எழுத்தாளர் சிலரும், காதலரிடையே நிற்பவரை அகற்ற வாகன விபத்தையும், முடிவு தோன்றாவிடத்து நஞ்சையும் நாடுகின்றனர். இதனைக் குறைகூறின், "2009 வரை நீடித்த போரிற் சாவு காரணங்காட்டியா வந்தது? பதுங்குகுழியில் இருந்தவர் பிழைக்க, நீரள்ளச் சென்றவர் மாளவில்லையா?" என வினவுவர். வினா தக்கதே. காரணமற்ற சாவையும் கதை சொல்லலாம். ஆனால் அக்காரணமின்மையே அங்குப் பொருளாதல் வேண்டும். எஞ்சியோர் அதனோடு எங்ஙனம் வாழ்கின்றனர் என்பதும் புலப்படவேண்டும். "உண்மையில் நடந்தது" என்பது வரலாற்றுக்குப் போதிய விடை, கதைக்குப் போதாது. நீரள்ளச் சென்றவளின் பேச்சையும் பிடிவாதத்தையும் மறுநாளைக்கென வைத்த வேலையையும் வாசகன் அறிந்திருந்தாலன்றி அவள் இழப்பை அவன் உணரான். கடைசி வரியிற் கண்ணீர் பெறுதற்கென்றே ஒருத்தியைக் கொணர்ந்து கொல்லுதல், மெய்யாகவே மாண்டோர்க்குச் செய்யும் அவமதிப்புமாம்.

ஆசிரியப் பெருமக்கள் மாணவர் கதைகளைத் திருத்துங்கால், அச்சாவை நீக்கிவிட்டு ஒருமுறை படிக்குமாறு பணிப்பாராக. அதன்பின்னும் கதை குறைவின்றி நிற்குமாயின், இறந்தவர் பிழைத்திருக்கட்டும்.