தாய்க்கு ஓர் அரைமணி



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து நாம் கோயில் வாசலில் நின்றிருந்தோம். திட்டக்குடியை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் இளந்தாய் ஒருத்தி, இடுப்பில் எட்டு மாதக் குழந்தையும் கைப்பிடியில் மூன்று வயதுச் சிறுவனுமாக நம்மிடம் வந்தாள். கருவுற்றிருந்த காலத்தில் அவளுக்கு இரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்ததாம். இப்போது இறங்கிவிட்டது, ஆயினும் மீண்டும் ஏறாதிருக்க வேண்டுமானால் நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

"நடக்க எனக்கும் ஆசைதான் சாமி. ஆனா இந்த ரெண்டையும் எங்கே விட்டுட்டு நடக்கிறது?" என்று கேட்டாள்.

நம்மிடம் விடை இல்லை. "செபித்துக்கொள்கிறோம், அம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அந்த விடை நமக்கே நாணத்தைத் தந்தது. ஆகவே, இம்மாதப் பக்கம் அவளுக்கு நாம் பட்ட கடன்.

மருத்துவர் வெறுமனே அச்சுறுத்தவில்லை. பேறுகாலத்தில் சர்க்கரை கண்ட பெண்ணுக்கு, அது கண்டிராத பெண்ணைவிடப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியானபோது, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடனும், இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டோர் அதன் வாசற்படியிலும் இருப்பதாக மதிப்பிட்டது. அதே ஆய்வின் ஒரு பகுதி 2014-இல் வெளிவந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பகுதிகளில் எடுத்த கணக்கில், 100 பேரில் 54 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி செய்வோர் 10 பேர்கூட இல்லை.

"வீட்டு வேலையே பெரும் பயிற்சி அன்றோ? நம் தாய்மார் தனியாக நடக்கவா போனார்கள்?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. உரலில் குத்தி, அம்மியில் அரைத்து, வெள்ளாற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் சுமந்து, வயலில் நாற்று நட்டவர்கள் அவர்கள். அவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படவில்லை. இன்றோ மிக்சியும் கிரைண்டரும் குழாயும் எரிவாயு அடுப்பும் வந்துவிட்டன. வந்தது நன்றே, அந்தப் பழைய பாட்டை மீண்டும் எவரும் விரும்ப வேண்டாம். ஆனால் இன்றைய வேலையில் களைப்பு குறையவில்லை, மூச்சு வாங்குதல்தான் குறைந்தது. நாள் முழுதும் நின்று கால் வலிக்கிறது. நெஞ்சு வேகமாக அடிப்பதோ அரிது.

எவ்வளவு பயிற்சி வேண்டும்? உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உழைப்பு வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகத்திற்கு எளிய அளவுகோல். இளம் பெற்றோர்க்கு ஆறுதலான செய்தி ஒன்றும் அந்நெறிமுறையில் உண்டு. ஒரே மூச்சில் 10 நிமிடமேனும் செய்தால்தான் கணக்கு என்ற முந்தைய விதி நீக்கப்பட்டுவிட்டது. காலையில் ஐந்து நிமிடம், நண்பகலில் பத்து நிமிடம், மாலையில் பதினைந்து நிமிடம் என்று சேர்த்தாலும் கூட்டுத் தொகையில் குறைவில்லை. அறுவைச் சிகிச்சையால் பிள்ளை பெற்றவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும்.

குழந்தைகளுக்கும் ஓர் அளவு உண்டு. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமேனும் ஓடியாட வேண்டும் என்று அதே நிறுவனம் 2019-இல் கூறியது. பிள்ளையைத் துரத்திப் பிடிப்பதும், பந்தை உருட்டி எடுத்து வருவதும், தோளில் சுமந்து தெருவை ஒரு சுற்றுச் சுற்றுவதும் இருவருக்கும் ஒரே மருந்து.

ஆயினும் நேரம் எங்கே? விடியலில் ஒரு மணி முன்னதாக எழுந்தால் போயிற்று என்று அறிவுரை கூறுவது எளிது. பால் கேட்டு அழும் குழந்தைக்காக இரவில் மூன்று முறை எழுந்தவளிடம் அதைக் கூறுவது இரக்கமாகாது. பிள்ளை வளர்த்து அறியாத குருக்களாகிய நாம் அதைக் கூறவே கூடாது. 2019-இல் நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஓர் உண்மையைக் காட்டிற்று. ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டாள். ஆணோ 97 நிமிடம். எனவே அவளுக்கு நேரம் தானாகக் கிடைப்பதில்லை. யாரேனும் கொடுத்தாக வேண்டும்.

அன்று அவள் நம்மிடம் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் கணவன் சற்றுத் தொலைவில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை நாம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது அவனைத்தான்.

தந்தையரே, காலையிலோ மாலையிலோ அரைமணி பிள்ளைகளை உங்கள் பொறுப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். அழுதால் தேற்றுங்கள், கால் கழுவிவிடுங்கள். நடந்துகொண்டிருக்கும் தாயைக் கூவி அழைக்காதீர்கள். மறுநாள் நீங்கள் நடக்க, அவள் பார்த்துக்கொள்ளட்டும். தொந்தி உங்களையும் விட்டுவைப்பதில்லை. கணவன் வெளிநாட்டில் உழைக்கும் இல்லங்களும் நம்மிடையே உண்டு. அங்கே மாமியாரும் அண்டை வீட்டாரும் கை கொடுக்கட்டும். இரு தாய்மார் சேர்ந்து, இன்று உன் பிள்ளைகள் என்னிடம், நாளை என் பிள்ளைகள் உன்னிடம் என்று முறை வைத்துக்கொள்ளலாம். "பிள்ளையை விட்டுவிட்டு உலாவப் போகிறாள்" என்னும் பேச்சை மட்டும் எவரும் பேசாதிருப்போமாக. உடலைக் கோயிலாகக் கருதக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். தாயின் உடலுக்கு அது பொருந்தாதோ?

நடக்க இடமும் வேண்டும். சென்னைத் திருமங்கலத்தில் ஏஷியாட் காலனி மக்கள், நீரிழிவு ஆய்வாளர்களின் அறிவுரையைக் கேட்டுத் தாமே பணம் திரட்டிப் பூங்கா ஒன்றை அமைத்தனர். வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் பயிற்சி செய்வோர் அங்கு 100-க்கு 14 பேராக இருந்தது, சில ஆண்டுகளில் 59 பேரை எட்டியதாக 2006-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. இடம் பக்கத்தில் இருந்தால் கால்கள் தாமே எழும் போலும்!

இதை எழுதும்போதே நம் மனச்சான்று நம்மைக் குத்துகிறது. நம் கோயில் வளாகம் விரிந்தது, நிழலுள்ளது, வாகனம் நுழையாதது. காலைப் பூசை முடிந்ததும் அதன் கதவைப் பூட்டிவிடுகிறோம். பெண்களோ லாரி விரையும் சாலையோரத்தில் நடக்க அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுகின்றனர். ஆகவே இனி நாள்தோறும் மாலை 5.30 முதல் 6.30 வரை அக்கதவு திறந்திருக்கும். ஒரு பாயும் நான்கு பந்துகளும் வாங்கி வைத்துள்ளோம். பேரப்பிள்ளைகள் தொலைவில் இருப்பதால் ஏங்கும் தாத்தா பாட்டிமார் வந்தமர்ந்து சிறுவர்களைப் பார்த்துக்கொள்வார்களாக.

முதல் நாள் அந்த இளந்தாய் வருவாள் என நம்புகிறோம். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவள் கணவனும் உள்ளே வர வேண்டும். இம்முறை அவனிடமும் பேசுவோம்.