சிக்கனம் நமக்குப் புதிதல்ல

“சிக்கனமாக இருங்கள், சமூகம் கைகொடுக்கும்” என்று நமக்கே பாடம் எடுக்கிறார்கள். சிக்கனத்தை நாம் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. கணக்கைப் பார்ப்போம்.

பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகை 1944-இல் தொடங்கிய திட்டம். 2021 விதிகளின்படி, விடுதியில் தங்காமல் பி.ஏ. படிப்பவருக்கு, கட்டணம் போக, ஆண்டுக்குக் கிடைக்கும் படி 3,000 ரூபாய். மாதம் 250. நாளுக்கு எட்டு ரூபாய் சொச்சம். அதுவும் நேரத்துக்கு வருவதில்லை.

அதுவரை யார் தாங்குகிறார்கள்? களையெடுத்த கூலியில் பஸ் காசு ஒதுக்கும் அம்மா, மகளிர் குழுவில் கடன் வாங்கித் தரும் சித்தி, தன் அறையில் நமக்கும் இடம் தந்து சேர்த்துச் சமைக்கும் அண்ணன், பழைய புத்தகத்தை விற்காமல் நமக்குத் தரும் அக்கா. இந்தத் தோழமை நம் பெருமை. ஆனால், சேரி கொடுப்பதைக் காட்டி அரசு தன் பாக்கியைக் கழித்துக்கொள்ள விடக்கூடாது.

தோழர்களே, ஆளுக்கொரு நோட்டு போடுவோம். வாடகை, அரிசி, தேர்வுக் கட்டணம், யாரிடம் எவ்வளவு வாங்கினோம், உதவித்தொகை எந்தத் தேதியில் வந்தது, எல்லாவற்றையும் எழுதுவோம். அந்த நோட்டுகளோடு ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குச் சேர்ந்தே போவோம். தனியாகப் போனால் நாளைக்கு வா என்பார்கள்.